சாவியைக் கொடுத்த பிறகு எதில் போவது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெரியவர்களுக்கான ஒரு கணக்கு

ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், போச்சம்பள்ளியில் ஓலாவும் இருசக்கர வண்டிகளைச் செய்து தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதே மாவட்டத்தில், பக்கத்துத் தருமபுரியிலும்தான், “இனி வண்டியைத் தொடாதீங்க” என்று டாக்டர் சொல்லிவிட்ட 72 வயதுக்காரர் நாளைக் காலையில் டீக்கடைக்கு எப்படிப் போவார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரே பதில்தான் வரும்: “எங்க போகணும் உங்களுக்கு? சொல்லுங்க, கூட்டிட்டுப் போறோம்.” சொல்கிற மகன் பெங்களூரில் இருப்பான். மருமகள் வேலைக்குப் போயிருப்பாள். பேரன் டியூஷனில் இருப்பான். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

பஸ், ஆட்டோ, வாடகைக் கார், ஆக்டிங் டிரைவர், சொந்தக்காரர் பைக் என்று வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. எது மலிவு என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். யாரிடமும் கேட்டு நிற்காமல் அவரே கிளம்ப முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போனார் என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினால் ஆஸ்பத்திரி, பேங்க் என்று இரண்டே வரியில் முடிந்துவிடும். அவர் சொன்னால் டீக்கடை வரும், செவ்வாய்க்கிழமை முருகன் கோயில் வரும், சந்தை வரும், நிலத்தைப் பார்க்கப் போவது வரும், காரிமங்கலத்தில் இருக்கும் பழைய சிநேகிதர் வருவார். இந்தப் பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரியும்: இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடிக்கடி போவது, மாதம் ஒரு முறை தாலுகா ஊருக்கோ மாவட்டத் தலைநகருக்கோ போவது, எப்போதாவது சேலம், பெங்களூர், வேலூர் என்று தூரமாகப் போவது.

எல்லாக் குடும்பங்களும் மூன்றாவதற்குத்தான் பலமாகத் திட்டம் போடுகின்றன. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மகன் லீவு போட்டு வந்துவிடுவான். அது நின்றுபோகாது. முதல் வகைதான் ஓசையில்லாமல் நின்றுபோகும். அதை யாரும் அவசரம் என்று நினைப்பதில்லை, பெரியவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அந்தச் சின்னப் பயணங்களுக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

பஸ்: அம்மாவுக்கு ஒரு கணக்கு, அப்பாவுக்கு வேறு கணக்கு

2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. விடியல் பயணம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள், ஊரில் ஃப்ரீ பஸ் என்றுதான் சொல்வோம். 68 வயது அம்மா பணமில்லாமல் ஏறி இறங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 75 வயது அப்பா காசு கொடுக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் சேர்த்து மாதம் 10 இலவச டோக்கன் தரும் திட்டம் 2016இல் வந்ததே என்று சிலர் கேட்பார்கள். அது சென்னை மாநகரப் பஸ்களுக்கு மட்டும். பென்னாகரத்துப் பெரியவர் சென்னைக்குக் குடிபோனால்தான் அது கிடைக்கும்.

மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் இதே டவுன் பஸ்களில் இலவசம் உண்டு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலவீனமானவர், பார்வை மிகவும் குறைந்தவர் எல்லாம் வயதானவர் என்றே வீட்டில் கணக்கில் வைக்கப்படுகிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து அடையாள அட்டைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பல குடும்பங்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

காசை விடுங்கள். பஸ்ஸில் முதல் சிக்கல் படிக்கட்டுதான். இங்கே ஓடும் பஸ்களில் முதல் படி தரையிலிருந்து நல்ல உயரம். ரோட்டோரம் சரிந்த மண்ணில் நின்று ஏறும்போது இன்னும் உயரமாகிவிடும். முட்டி தேய்ந்தவர் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். அதனால் ஊர் நடுவே உள்ள நிறுத்தத்தைவிட பஸ் ஸ்டாண்டில், வண்டி கிளம்பும் இடத்தில் ஏறுவதுதான் பெரியவர்களுக்கு ஏற்றது. நின்றிருக்கும் வண்டியில் நிதானமாக ஏறி, முன்பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வேகத்தடைக்கும் இடுப்பு பதில் சொல்லும்.

நேரமும் முக்கியம். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை பள்ளிக்கூடப் பையன்கள் படியில் தொங்குவார்கள், மாலை நான்கு மணிக்கு மேல் அதே கதை. பத்தரையிலிருந்து மூன்று மணிக்குள் போய் வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில்தான். இதற்கு ஒரு வழி நைட் ஹால்ட் பஸ். இரவு கிராமத்திலேயே தங்கிவிட்டுக் காலை இருட்டோடு கிளம்பும் அந்த வண்டி உங்கள் ஊருக்கு வருமானால், கிராமத்துப் பெரியவருக்கு அதைவிடச் சௌகரியமானது கிடையாது. நின்றுகொண்டிருக்கும் வண்டி, கூட்டமில்லாத நேரம், பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் கண்டக்டர், சீட்டு வரிசையில் முன்னால் ஓர் இடம்.

பிரைவேட் பஸ்கள் இந்தப் பக்கம் அதிகம். அடிக்கடி வரும், சுத்தமாக இருக்கும், பாட்டும் உண்டு. ஆனால் பின்னால் வரும் வண்டிக்கு முன்னால் போய்க் கலெக்‌ஷன் எடுக்க வேண்டும் என்ற ஓட்டத்தில், வயதானவர் இறங்கும் வரை பொறுமையாக நிற்கும் வண்டி எத்தனை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மினி பஸ் மெதுவாகத்தான் போகும், கிராமத்துக்குள் தெரு முனைவரை வரும். பெரியவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். தனியார் வண்டி என்பதால் அம்மாவுக்கும் டிக்கெட் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சேலம்–பெங்களூர் நெடுந்தூர வண்டிகளில் சில ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடுகின்றன. இளவட்டம் தாவிக் குதித்து நெடுஞ்சாலையைக் கடந்துவிடும். கண்புரை உள்ள பெரியவர் சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சாலையைக் கடப்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஏறும்போதே “டவுனுக்குள்ள போகுமா?” என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் ஏற வேண்டும். பத்து ரூபாய் மிச்சம், இருபது நிமிஷம் மிச்சம் என்பதெல்லாம் இங்கே கணக்கே கிடையாது.

அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப் பக்கங்களில் இந்த ஒப்பீடெல்லாம் எடுபடாது. அங்கே வரும் பஸ்ஸின் நேரம்தான் எல்லோருக்கும் நேரம். தவறினால் பிக்கப் வண்டிதான், பெரியவரை டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார வைப்பதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஆட்டோ: கணக்கு நோட்டோடு

நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். அவ்வப்போது தெருவில் கை காட்டி நிறுத்தும் ஆட்டோவைச் சொல்லவில்லை, தெரிந்த ஒரே ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்கு.

முதலில் உடம்புக்கு அது பொருந்துகிற விதத்தைப் பாருங்கள். ஆட்டோவின் தளம் தாழ்வு, இருக்கை கிட்டத்தட்ட இடுப்பு உயரம். திரும்பி நின்று உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். குட்டிக் கார் என்றால் குனிந்து உள்ளே இறங்க வேண்டும், எழும்போது யாராவது கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஜீப் மாதிரி உயர்ந்த வண்டி என்றால் ஏறுவதற்கே ஸ்டூல் கேட்கும். முட்டி வலிக்காரர் பலர் காரைவிட ஆட்டோவே தேவலை என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் குலுங்கும். முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவருக்கு ஆகாது. மழையில் பக்கவாட்டில் நனையும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை, முப்பது கிலோமீட்டருக்கு முடியாது.

காசுக் கணக்கு: நம் ஊர்களில் மீட்டர் போட்டு ஓட்டும் பழக்கம் இல்லை, பேசுவதுதான் ரேட். ஒரு நடை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நடை என்றால் 2,000. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200தான், அதை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது எட்டாது. அப்படிப்பட்டவருக்கு மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான் துணை. பிள்ளைகள் சம்பாதிக்கும் வீட்டில் 2,000 என்பது ஓடாமல் நிற்கும் ஒரு காரின் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவை மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வருகிற தொகையை ஒட்டித்தான் இருக்கும்.

கணக்கு வைப்பதை எப்படி என்று பேசிவிட வேண்டும். வழக்கமாகப் போகும் இடங்களுக்கு ஒரு ரேட்டு, காத்திருப்புக்கு ஒரு ரேட்டு, இரண்டையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் ஒரு பிரதி. வங்கியில் ஒரு மணி நேரம் ஆகும், ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருப்புக் காசு பேசாமல் விட்டால் அங்கேதான் மனஸ்தாபம் வரும். பெரியவர் ஒவ்வொரு நடைக்கும் நோட்டில் தேதி போட்டு ஒரு கோடு இழுத்து வைத்தால் போதும். மாதக் கடைசியில் மகன் ஜிபேயில் அனுப்பிவிடலாம். அவசரத்துக்கு இரண்டாவது ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் வேண்டும். முதலாமவருக்கும் கல்யாணம், காய்ச்சல், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் வரும்.

பணம் அனுப்பும் பிள்ளைகள் ஒன்றை மட்டும் செய்யாமல் இருந்தால் நல்லது. ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு “அப்பா இன்னைக்கு எங்க போனாரு, யாரைப் பார்த்தாரு?” என்று விசாரிக்கக் கூடாது. பெரியவர் காதுக்கு அது இரண்டே நாளில் போய்விடும். மூன்றாவது நாள் அவர் ஆட்டோ கூப்பிட மாட்டார், நடந்தே கிளம்பிவிடுவார்.

ஷேர் ஆட்டோ தருமபுரி, ஓசூர் டவுனில் மலிவு. ஆள் நிறையும் வரை காத்திருக்க வேண்டும், நிறைந்த பிறகும் ஒருவரை ஏற்றுவார்கள். நடு இருக்கை கிடைத்தால் ஏறலாம், டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் அடுத்த வண்டிக்கு நிற்கலாம். செயலியில் புக் செய்வதெல்லாம் பெரிய நகரத்து வழக்கம். போனில் ஓடிபி பார்த்துச் சொல்ல வேண்டிய எந்த ஏற்பாட்டையும், கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாதவர் தலையில் கட்டாதீர்கள். ஆட்டோ ஸ்டாண்டு எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் போதும்.

காரை வைத்துக்கொள்வதா, வாடகைக்கு எடுப்பதா

அப்பாவிடம் கார் இருக்கிறது, அவர்தான் ஓட்டக் கூடாது. இந்த நிலையில் உள்ள வீடுகளுக்கு ஆக்டிங் டிரைவர் ஒரு நல்ல வழி. நாள் சம்பளம், சாப்பாடு, தூரம் போனால் பேட்டா. வண்டி நம்முடையது என்பதால் பெரியவரின் தலையணை, தண்ணீர் பாட்டில், மாத்திரைப் பை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். சிறுநீர் அடிக்கடி வரும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய விஷயம். பஸ்ஸில் போகும் நாளில் அந்த மாத்திரையை வேண்டுமென்றே விட்டுவிடுகிற பெரியவர்கள் உண்டு, வீட்டில் சொல்லவும் மாட்டார்கள்.

ஆனால் காரை வைத்திருப்பதற்கே ஒரு செலவு இருக்கிறது. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 2,000க்கு மேல். வாரம் ஒரு முறையாவது ஸ்டார்ட் செய்து ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். வருஷத்துக்கு நான்கைந்து தடவைதான் வெளியூர் என்றால் விற்றுவிட்டு வாடகைக் கார் எடுப்பதுதான் லாபம். மாதம் இரண்டு மூன்று தடவை தூரப் பயணம், டயாலிசிஸோ கீமோவோ என்று போக வேண்டியிருக்கிறது என்றால் கார் நிற்கட்டும்.

வாடகைக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், போய்வர 130. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் பேசினால் 1,820. டிரைவர் பேட்டாவும் டோலும் தனி. அதே தூரத்துக்குச் சொந்தக் காரில், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் எட்டு லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 என்று வைத்தால் 800 ரூபாய்ச் சொச்சம், கூடவே டிரைவர் சம்பளம். ஒரு நாள் பயணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் நிற்காது. பஸ்ஸில் இரண்டு பேர் போய்வர இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும், அதற்குப் பதிலாக உடம்பு வாடும்.

வாடகைக்கு எடுக்கும்போது டி போர்டு வண்டியா என்று பாருங்கள். மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து. தெரிந்தவர் வீட்டு வெள்ளை போர்டு காரைக் காசு கொடுத்து எடுப்பது ஊரில் சகஜம், மலிவும்கூட. சொந்த உபயோகத்துக்கென்று இன்ஷூரன்ஸ் போட்ட வண்டியை வாடகைக்கு ஓட்டினார்கள் என்று தெரிந்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் சிக்கல் வரும். தொப்பூர் கணவாய் வழியாகப் போகிற நமக்கு இதைத் தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ரயில்

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை. ஆகவே இது தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்க்காரர்களுக்கும், சென்னை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூர், பொம்மிடிக்காரர்களுக்கும்தான். வண்டிகள் குறைவு, நேரமும் நம் வசதிக்கு இருக்காது. ஆனால் கழிவறை இருக்கிறது, எழுந்து நாலு அடி நடக்கலாம். தூரப் பயணத்துக்கு வயதானவர் உடம்புக்கு இதைவிட இதமானது வேறில்லை. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து கீழ்ப் படுக்கைக்கு முன்னுரிமை மட்டும் இருக்கிறது. டிக்கெட் போடும்போது வயதைச் சரியாகக் கொடுங்கள். எந்த நடைமேடையில் வண்டி வரும், மேம்பாலம் ஏற வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். படியேறி மறுபக்கம் போவதற்குள் வண்டி போய்விடும்.

சொந்தக்காரர் பைக்

இலவசம் என்று எல்லோரும் நினைக்கும் வழி. அண்ணன் மகன், பக்கத்து வீட்டுத் தம்பி, எதிர் வீட்டு மாப்பிள்ளை, யாராவது டவுனுக்குப் போகும்போது “வாங்க மாமா, ஏறுங்க” என்பார்கள். அவர் கிளம்பும் நேரம்தான் நம் நேரம், அவர் வேலை முடிந்தால்தான் நமக்குத் திரும்ப வழி. மாமா பேங்க் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருப்பார்.

இரண்டாவது, ஒவ்வொரு சவாரியும் ஒரு கடன் மாதிரி மனதில் ஏறிக்கொண்டே போகும். காசு கொடுத்தால் “என்ன மாமா இப்படிப் பண்றீங்க” என்று கோபம் வரும், கொடுக்காமல் விட்டால் மாமாவுக்கே கூச்சம். மாதம் ஒரு முறை பங்கில் நிறுத்தி டேங்க்கை நிரப்பிவிடுவது, சீசனில் ஒரு கூடை மாம்பழம் கொடுத்து அனுப்புவது என்று ஏதாவது ஒரு நேர்செய்யும் வழி இருந்தால் இந்த ஏற்பாடு நீடிக்கும். இல்லாவிட்டால் நான்காவது மாதம் அவரே “இன்னைக்கு வேண்டாம்ப்பா” என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவார்.

பாதுகாப்பைப் பற்றி: பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து வந்தால் கால் வைக்கும் பலகையும், சேலை சிக்காமல் தடுக்கும் கம்பியும் இருக்கிற வண்டியாக இருக்கட்டும். எலும்பு தேய்ந்த வயதில் பைக்கிலிருந்து ஒரு முறை விழுந்தாலும் இடுப்பெலும்பு போய்விடும். எழுபதுக்கு மேல் பைக் பின் இருக்கை அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது என் விருப்பம்.

108க்கு எது வேலை, எது இல்லை

தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடும் 108 ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு. நெஞ்சு வலி, வாய் கோணல், விழுந்து எழ முடியாத நிலை என்றால் ஆட்டோவைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே கூப்பிட வேண்டும். மாதாந்தரச் செக்கப்புக்கு வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தும் விடாது. இரவு 108இல் போனவர் மறுநாள் மதியம் டிஸ்சார்ஜ் ஆனால் வாசலில் நிற்கும் வண்டி கேட்கும் வாடகையைக் கொடுத்துத்தான் வர வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் முன்னால் சொன்ன இரண்டு ஆட்டோ எண்களும் ஒரு டாக்ஸி எண்ணும்.

போகாமலேயே முடிகிற வேலைகள்

ஒப்பிடும்போது இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கான கவனிப்பும் உண்டு. உங்கள் ஊருக்கான தன்னார்வலர் யார் என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். பென்ஷன்காரர் வருஷாவருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றைத் தபால்காரரே 70 ரூபாய்க்கு வீட்டில் வந்து எடுத்துக்கொடுப்பார். தனியே இருக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

இவற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இதில் ஒரு வம்பு உண்டு. எல்லாம் வீட்டுக்கே வருகிறதே, இனி எதற்கு வெளியே போக வேண்டும் என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பது கஷ்டம்தான். ஆனால் அங்கேதான் யார் வீட்டில் என்ன விசேஷம், யார் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியவரும். மிச்சமாகும் ஆட்டோ நடையை டீக்கடைக்கும் கோயிலுக்கும் மாற்றிவிடலாம்.

“சின்ன பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தா என்ன?”

பலர் கேட்கும் கேள்வி. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள பேட்டரி ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இதைக் காட்டிக் கடைக்காரர் விற்பார். ஆனால் அப்பா ஏன் நிறுத்தினார் என்று பார்க்க வேண்டும். உரிமம் காலாவதியானது மட்டும்தான் காரணம், கண்ணும் காதும் கால்பலமும் நன்றாக இருக்கின்றன என்றால் கிராமத்துக்குள் ஓட்டிக்கொள்ளட்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை, இரவில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசுகிறது, சுகர் இறங்கி மயக்கம் வந்திருக்கிறது என்றால், 25 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தாலும் தரை அதே தரைதான். பக்கச் சக்கரம் பொருத்தினால் வண்டி சாயாது, கண் தெளிவாகிவிடாது.

உரிமத்தைப் பொறுத்தவரை, 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் கிடைக்கும், படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். சான்று கிடைத்துவிட்டது என்பதற்காக ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

யாருக்கு எது

டவுனுக்குள்ளோ ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ இருப்பவருக்கு மாதக் கணக்கு ஆட்டோ, தூரத்துக்கு டி போர்டு வாடகைக் கார். காரை விற்றுவிடலாம். பெரிய கிராமத்தில், பஸ் ஓரளவு வரும் ஊரில் இருக்கும் கணவன் மனைவிக்கு ஹால்ட் பஸ்ஸும் மினி பஸ்ஸும் முதலில், திரும்பி வருவதற்கு மட்டும் ஆட்டோ. போகும்போது தெம்பு இருக்கும், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும்போது இருக்காது. ஒரு வழிக்கு மட்டும் செலவழிப்பதென்றால் திரும்பும் வழிக்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிக்கடி சேலம், பெங்களூர் போக வேண்டிய நோயாளி இருக்கும் வீட்டில் காரும் ஆக்டிங் டிரைவரும். துணைக்கு யாருமே இல்லாத பெரியவர் முதியோர் உதவி எண் 14567இல் பேசலாம். வண்டி அனுப்ப மாட்டார்கள், அரசில் என்ன கிடைக்கும் என்று வழி சொல்வார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்பா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். வாரம் இரண்டு நாள் ஆட்டோ, மற்ற நாள் வண்டி என்று சில மாதம் போனால் ஆட்டோக்காரரும் பழகிவிடுவார், அப்பாவுக்கும் அது தண்டனையாகத் தெரியாது. விழுந்து அடிபட்டபின் சாவியைப் பிடுங்கும் வீட்டில்தான் மாதக் கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறது.

கடைசியாக, வண்டியை விற்பதென்றால் வாசலில் துருப்பிடிக்க விடாமல் சீக்கிரம் விற்றுவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு “நான் மாத்திக்கிறேன் ஐயா” என்று எடுத்துப்போகும் ஆட்கள் பல மாதம் மாற்றாமலே ஓட்டுவார்கள். அதுவரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் வாங்கும் அபராதத்துக்கும் நோட்டீஸ் அப்பா பெயருக்குத்தான் வரும். டிஎன் 29ஓ, 24ஓ, 70ஓ, எந்த ஆர்டிஓவாக இருந்தாலும் சரி, பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.